திரைக்கும் பாயிரம் உண்டு
(ஜேம்ஸ் பாண்ட் படங்களின் பெயர்க்காட்சிகளைத் தரம் காணல்)

காஞ்சி மாநகரில் ஒரு நூலின் அரங்கேற்றம் முதற்சொல்லிலேயே தடைப்பட்டு நின்ற செய்தியை அனைவரும் அறிவர். குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கினார். 10,000 செய்யுளுக்கு மேற்பட்ட பெருநூல் அது. அதன் முதற்சொல் ஒலித்த அளவிலேயே அவையில் ஒருவர் எழுந்து, 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் இவ்வாறு புணர்வதற்கு இலக்கணம் எங்கே என்று வினவினார். முருகப்பெருமானே எடுத்துக்கொடுத்த அடி என்ற விடை அவைக்குப் போதவில்லை. சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்திலிருந்து விதி காட்டிய பின்னரே நூல் மேலே சென்றது என்பது வழிவழியாக வரும் வரலாறு.

இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாகக் கூறுகிறது. நூலின் தொடக்கம் நூலோடு சேர்த்து மதிப்பிடப்பட்டு விடுவதில்லை. அதற்குத் தனியாக ஒரு தேர்வு உண்டு. தொடக்கத்தைத் தந்தவர் யார் என்பதும் அத்தேர்வில் சலுகை ஆகாது. இத்தேர்வை வெள்ளித்திரைக்கும் நடத்தலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

படம் பார்க்கச் செல்லும் தமிழர், கொட்டகை வாயிலில் கேட்கும் முதற்கேள்வி, "எழுத்துப் போட்டாச்சா?" என்பது. எழுத்துப் போடுவதற்கு முன் இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும் என்பது ஒரு சாராரின் கொள்கை. அதன் பின் சென்றாலும் இழப்பில்லை என்பது மற்றொரு சாராரின் கொள்கை. இவ்விரு சாராரில் யார் சரி என்பது, அந்த எழுத்து என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. அதை ஆராய ஏற்ற களம் ஜேம்ஸ் பாண்ட் படவரிசை. ஈயான் நிறுவனம் 1962 முதல் 2021 வரை வெளியிட்ட படங்கள் 25. நாயகன் ஒருவனே, நடிகர்கள் மாறினர். ஒவ்வொன்றிலும் பெயர்க்காட்சி உண்டு. ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதற்கெனத் தனிப்பாடல் உண்டு. ஒரே ஈற்றடியைக் கொடுத்து 25 வெண்பா எழுதச் செய்தது போன்றது இது. ஈற்றடி ஒன்றாக இருக்கும்போது கவிஞனின் திறம் எளிதில் வெளிப்படும். தரம் காண்பதும் அப்போது நேர்மையாக அமையும்.

அளவுகோலுக்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவர் என அறிஞர் கருதும் தண்டியாசிரியர், பெருங்காப்பியம் தொடங்கும் முறை மூன்று என்றார். அவர் நூலைத் தழுவிய தமிழ்த் தண்டியலங்காரமும் அதனைக் கூறும். வாழ்த்து, வணக்கம், வருபொருள் உரைத்தல் என்பன அம்மூன்று. நன்னூலார் பாயிரத்தைப் பொது, சிறப்பு என இரண்டாக்கினார். எல்லா நூலுக்கும் முன் நிற்கத் தக்கது பொதுப்பாயிரம்; அந்த ஒரு நூலுக்கே உரியது சிறப்புப்பாயிரம். சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதுதல் கூடாது. அவனுடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, தகுதியுடைய உரைகாரரோ எழுத வேண்டும். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் பாயிரம் செய்தது அம்முறை.

பாண்ட் படங்களில் இம்முறை வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. படத்தை இயக்கியவர் ஒருவர். பெயர்க்காட்சியை அமைத்தவர் வேறொருவர். மாரிஸ் பைண்டர் 14, ராபர்ட் பிரவுன்ஜான் 2, டேனியல் கிளைன்மன் 8, எம்.கே.12 என்னும் குழுவினர் 1. ஆக 25. படத்தொடக்கத்தில் வெள்ளை வட்டம் ஒன்று நகர்ந்து வர, துப்பாக்கிக் குழலின் வழியே நாயகன் தோன்றித் திரும்பிச் சுடுவதும், திரையில் குருதி வழிவதும் பைண்டர் 1962-இல் 'டாக்டர் நோ' படத்திற்காக அமைத்தவை. உண்மையான துப்பாக்கிக் குழலின் உட்புறத்தை ஊசித்துளைக் கேமரா கொண்டு அவர் படமெடுத்தார். முதல் மூன்று படங்களில் அக்குழலின் முன் நின்றவர் நாயக நடிகர் ஷான் கானரி அல்லர். பாப் சிம்மன்ஸ் என்னும் சண்டைக் கலைஞர். எந்தப் படத்திற்கு முன்னும் வைக்கத் தக்க அந்தக் குழல்காட்சி பொதுப்பாயிரம். அதனை அடுத்துச் சிறிது நேரம் கதை நடந்து, பின் பாடலோடு வரும் பெயர்க்காட்சியே சிறப்புப்பாயிரம்.

இங்கே தரம் காணும் சோதனை எளிதாகிறது. ஒரு பெயர்க்காட்சியை எடுத்து வேறொரு படத்தின் முன் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் அது சிறப்புப்பாயிரம் அன்று.

இச்சோதனையில் வீழ்பவை பல. பைண்டர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீருக்கடியிலும் நெருப்பின் முன்னும் மகளிரின் நிழலுருவங்கள் நீந்துவதும் ஆடுவதும் துப்பாக்கி ஏந்துவதுமாகிய ஒரே வாய்பாடு, படத்துக்குப் படம் அவர் கையில் திரும்பி வந்தது. 1983-இல் வெளிவந்த 'ஆக்டோபஸி' படத்தின் கதையில் ஒரு பெரும்பகுதி இந்திய மண்ணில், உதயப்பூரில் நடக்கிறது. சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் நடித்தார். ஆனால் பெயர்க்காட்சியில் வருவன மகளிர் மேனியில் ஊரும் ஒளிக்கோலங்கள். நன்னூலார் பாயிரத்திற்குக் கூறும் உறுப்புகளுள் 'களம்' என்பதும் ஒன்று. அது இங்கே காணாமற்போயிற்று. அந்தக் காட்சியைப் பெயர்த்து முன்னோ பின்னோ வந்த படத்தில் ஒட்டினாலும் எவரும் தடுமாற மாட்டார்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மற்றொரு குறை உண்டு. பாயிரம் நூலுக்கு எத்தகையது என்று உவமை கூறப் புகுந்த நன்னூலார், மாளிகைக்கு ஓவியம், நகருக்குக் கோபுரம் என்பவற்றோடு மகளிர் தோளுக்கு அணியையும் சொன்னார். அவ்வுவமையில் பெண்ணுக்கு அணி உண்டு. பாண்ட் படங்களிலோ பெண்ணே அணியாக்கப்பட்டாள். முகமும் பெயரும் இல்லாத வடிவமாக ஆண்டுக்கணக்கில் அவள் திரையில் மிதந்தாள். அழகுணர்ச்சி என்று கூறி இதனைக் கடந்துவிடுதல் நேர்மையாகாது. தரவரிசையில் இதுவும் கணக்கில் வருதல் வேண்டும்.

இனி, சோதனையில் தேறியவற்றுள் ஐந்தினைக் கீழிருந்து மேலாகக் காணலாம்.

ஐந்தாம் இடம் 1977-இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்திற்கு. பைண்டரின் வாழ்த்துவகையில் இதுவே தலைசிறந்தது. பனிமலை உச்சியிலிருந்து சறுக்கி வரும் நாயகன் பாறை விளிம்பைத் தாண்டி அதலபாதாளத்தில் விழுகிறான். இசை நின்றுவிடுகிறது. நீண்ட அமைதிக்குப் பின் வான்குடை விரிகிறது; அதில் பிரித்தானியக் கொடி. கனடாவின் பாஃபின் தீவில் ரிக் சில்வெஸ்டர் என்ற வீரர் உண்மையாகவே குதித்து எடுத்த காட்சி அது. விரிந்த குடை இறங்கி வர, கீழிருந்து இரு கைகளின் நிழலுரு எழுந்து அதனை ஏந்திக்கொள்கிறது. பெயர்க்காட்சி தொடங்கிவிடுகிறது. காஞ்சிப் பட்டில் உடலின் நிறம் முடிந்து முந்தியின் நிறம் தொடங்கும் இடத்தைக் கொண்டே நெசவாளியின் கைத்திறத்தை மதிப்பிடுவோர் உண்டு. இழை இழையாகப் பாவினை இணைத்த அந்த இடம் இழுத்தாலும் விட்டுக்கொடுக்காது. இங்கும் கதையும் பாயிரமும் சேரும் இடம் அத்தகையது. இணைப்பு அருமை. இணைப்பிற்குப் பின் வரும் காட்சி பழைய வாய்பாட்டிற்கே திரும்பிவிடுவதால் இடம் ஐந்து.

நான்காம் இடம் 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்திற்கு. இதனைச் செய்த பிரவுன்ஜான், சிகாகோவில் மொஹோலி-நாகியிடம் வடிவமைப்புக் கலை பயின்றவர். முந்தைய ஆண்டில் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்திற்காக, ஆடும் பெண்ணின் மேனியில் எழுத்துகளை ஒளியாக வீழ்த்திப் புதுமை செய்தார். இப்படத்தில் பொன்வண்ணம் பூசிய அசைவற்ற மேனியின் மீது காட்சிகளையே வீழ்த்தினார். பொன்வெறி கொண்ட ஒருவன் தன்னை ஏமாற்றிய பெண்ணை மேனி முழுதும் பொன்பூசிக் கொல்வது இப்படத்தின் மறக்கவொண்ணாத காட்சி. பெயர்க்காட்சியின் பொன்மேனி அதனை முன்கூட்டியே உணர்த்துகிறது. ஆயினும் வெளிப்படச் சொல்லிவிடவில்லை. இது வருபொருள் உரைத்தலுக்கு நல்ல சான்று. வேறெந்தப் படத்தின் முன்னும் இது ஒட்டாது. ஆயினும், பெண்ணின் உடலை எழுதுபலகை ஆக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்ததும் பிரவுன்ஜானின் கைதான். அவர் இரண்டு படத்தோடு நிறுத்திக்கொண்டார்; வழக்கம் நிற்கவில்லை.

மூன்றாம் இடம் 1969-இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்திற்கு. ஷான் கானரி விலகி, ஜார்ஜ் லேசன்பி என்ற புதியவர் நாயகனாக வந்த படம். முன்னோர் இருந்த இடத்தில் புதியவன் நிற்கிறான். அவன் செய்யத்தக்கது வணக்கம் அன்றோ? பைண்டர் அதனையே அமைத்தார். மணற்கடிகை ஒன்று, அதன் வழியே முந்தைய ஐந்து படங்களின் நாயகியரும் பகைவரும் மணலாய் ஒழுகிச் செல்கின்றனர். கடிகார முட்கள் பின்னோக்கிச் சுழல்கின்றன. பாட்டில்லை, ஜான் பாரியின் இசை மட்டும் ஒலிக்கிறது. முதன்முறை பார்ப்பவர்க்கு இது முன்னோர் வணக்கம். படத்தின் இறுதியிலோ, நாயகன் மணம் முடித்துப் புறப்பட்ட அன்றே மனைவியைக் குண்டுக்குப் பலிகொடுக்கிறான். காலம் நிறைய உண்டு என்று நம்பியவனுக்குக் காலமே இல்லாமற்போகும் கதை அது. இரண்டாம் முறை பார்ப்பவர்க்கு அதே மணற்கடிகை வருபொருளாகிவிடுகிறது. வணக்கமும் வருபொருளும் ஒன்றாய் அமைந்த அருமையால் இது பைண்டரின் ஆக்கங்களுள் தலையாயது.

இரண்டாம் இடம் 1995-இல் வந்த 'கோல்டன் ஐ' படத்திற்கு. பைண்டர் 1991-இல் மறைந்தார். அதே ஆண்டு சோவியத் ஒன்றியமும் மறைந்தது. ஆறாண்டு இடைவெளிக்குப் பின் வந்த இப்படத்தில் பாயிரம் பாடும் பொறுப்பு கிளைன்மனுக்கு வந்தது. படத்தின் முன்கதை சோவியத் காலத்தில் நடக்கிறது. பெயர்க்காட்சிக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன என்று கதை தொடர்கிறது. இடையிலான ஒன்பது ஆண்டுகளைச் சொல்லும் பணியைப் பெயர்க்காட்சியே ஏற்றுக்கொண்டது. சாய்ந்து விழும் தலைவர் சிலைகள், உடையும் அரிவாள் சுத்தியல், சம்மட்டி கொண்டு அவற்றைத் தகர்க்கும் பெண்கள் என மூன்று நிமிடத்தில் ஒரு பேரரசின் வீழ்ச்சி. பனிப்போர் முடிந்த பின் உளவாளிக்கு என்ன வேலை என்ற படத்தின் கேள்வி பாயிரத்திலேயே எழுந்துவிட்டது.

இக்காட்சியைப் பொதுவுடைமைக் கட்சிகள் சில எதிர்த்தன. இந்தியக் கட்சிகள் சில படத்தைப் புறக்கணிப்பதாகவும் அறிவித்தன என்று தயாரிப்பாளர் மைக்கேல் வில்சன் கூறியுள்ளார். எதிர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. வென்றவர் எழுதிய வரலாறு அது. உழைப்பின் சின்னத்தை உள்ளாடை அணிந்த பெண்கள் உடைப்பது தோற்றவரை எள்ளுவதாகவும் படும். ஆயினும் ஒரு பெயர்க்காட்சி எதிர்க்கப்படும் அளவுக்குப் பொருள் உடையதாயிற்று என்பதையும் நோக்க வேண்டும். வெறும் அலங்காரத்தை எதிர்த்து எவரும் முழக்கமிடுவதில்லை. இங்கே பெண்கள் முதன்முறையாக ஒரு செயலைச் செய்கின்றனர். அணியாக வந்தவர் வினைமுதல் ஆயினர். உடை மட்டும் பழையதாகவே நின்றது.

முதலிடம் 2006-இல் வந்த 'கசினோ ராயல்' படத்திற்கு. இயன் ஃபிளெமிங் 1953-இல் எழுதிய முதல் பாண்ட் புதினத்தின் பெயரே படத்தின் பெயர். அப்புதினத்தின் மேலட்டையைத் தாமே திட்டமிட்டவர் ஃபிளெமிங். சீட்டுக்கட்டின் இதயச் சின்னங்கள் கொண்ட அந்த அட்டையைக் கிளைன்மன் தம் காட்சிக்கு வித்தாக்கினார். நூலின் முகத்திலிருந்து படத்தின் முகம் பிறந்தது. 'வழி' என்று நன்னூலார் கூறும் உறுப்பு இதுவே.

இப்படத்தில் பொதுப்பாயிரம் வழக்கமான இடத்தில் இல்லை. நாயகன் தன் முதற்கொலையைச் செய்யும்போது திரும்பிச் சுடுகிறான். அந்தக் கணமே குழல்காட்சியாகிப் பெயர்க்காட்சிக்குள் புகுந்துவிடுகிறது. பொதுவாய் இருந்தது சிறப்பாயிற்று. தொடர்ந்து வருவன சீட்டுகளின் உலகம். வீழும் ஒவ்வொரு மனிதனும் இதயமும் வைரமுமாய்ச் சிதறுகிறான். நிர்வாண நிழலுருவங்கள் இல்லை. அடையாளம் தெரிய வரும் பெண்முகம் ஒன்றே ஒன்று. அதுவும் இதயராணிச் சீட்டில் ஒருகணம் தோன்றி மறைகிறது. படம் தொடங்கி நெடுநேரத்திற்குப் பின்னரே அம்முகம் வெஸ்பர் என்னும் நாயகியுடையது என்பது தெரியும். நாயகன் சூதாட்டத்தில் வென்று, இதயத்தில் தோற்பது அவளிடம். 44 ஆண்டுக் காலம் கூட்டமாய் மிதந்த முகமற்ற பெண்கள் விலகி, கதையின் விதியைக் கையில் வைத்திருக்கும் ஒருத்தி அவ்விடத்தில் வந்தாள். இதனைப் பெயர்த்து வேறு எங்கும் ஒட்ட முடியாது. படத்தின் முடிவை அறிந்து மீண்டும் பார்ப்பவர்க்கு, முன்னர்ப் பார்த்ததைவிட மிகுதியாகவும் தருகிறது. சிறப்புப்பாயிரத்தின் இலக்கணம் இதனினும் நிறைவாகத் திரையில் அமைந்ததில்லை.

இவ்வரிசையில் இடம்பெறாத சில குறித்துக் கேள்வி எழக்கூடும். 2012-இல் வந்த 'ஸ்கைஃபால்' படத்தின் பாடலே பாண்ட் பாடல்களுள் முதலில் ஆஸ்கர் விருது பெற்றது. நீரில் மூழ்கும் நாயகனையும் கல்லறைகளையும் காட்டும் அதன் பெயர்க்காட்சியும் சிறந்ததே. ஆயினும் பாட்டின் புகழைக் காட்சிக்கு ஏற்றிவிடுதல் கூடாது. 2002-இல் வந்த 'டை அனதர் டே' படத்தில், வடகொரியச் சிறையில் நாயகன் படும் 14 மாதச் சித்திரவதையைப் பெயர்க்காட்சியே காட்டுகிறது. துணிவான செயல், ஆனால் பாயிரம் தன் எல்லையை விட்டு நூலுக்குள் புகுந்துவிட்டது. அதனைத் தவறவிட்டவர்க்குக் கதையே தவறிவிடும். பாயிரம் நூலை அறிவிக்கலாம். நூலின் ஒரு படலமாகிவிடுதல் தகாது.

பாயிரம் நூலைவிடப் பெரிதாகலாமா என்பதும் ஒரு கேள்வி. இதற்கு விடை காஞ்சியின் வீதிகளில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் 1509-இல் எடுப்பித்த ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரம் தொலைவிலிருந்தே வானளாவித் தோன்றும். இராசசிம்மப் பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலிலோ ஓங்கி நிற்பது உள்ளிருக்கும் விமானமே. முகப்பில் உள்ளவை சிறியன. இரண்டும் முறையே. வாயிலின் உயரம் எதுவாயினும் அது உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே விதி. படம் மறந்து பாட்டும் பெயர்க்காட்சியும் மட்டும் நினைவில் நிற்கும் பாண்ட் படங்கள் சில உண்டு. அவற்றில் கோபுரம் உண்டு, கருவறை இல்லை.

தமிழ்த்திரைக்கும் இப்பாதை வந்து சேர்ந்தது. 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்று ஜெய்சங்கர் போற்றப்பட்ட காலம் ஒன்று. பின்னர் 1992-இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை' படத்தில், ஒளிப்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றிச் 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்துகளாகி, ரஜினிகாந்த் பெயரை அறிவித்தன. பாண்ட் படங்களின் தொடக்கமே இதற்குத் தூண்டுதல் என்று இயக்குநர் கூறியுள்ளார். கொட்டகைகளில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தண்டி வகுத்த மூன்றனுள் இது வாழ்த்து, தூய வாழ்த்து. பின்வந்த ரஜினி படங்களின் முன்னும் அது ஒட்டிக்கொண்டது என்பதே, அது பொதுப்பாயிரம் என்பதற்குச் சான்று. வாழ்த்து குற்றமன்று. ஆனால் வாழ்த்தோடு நின்றுவிட்டால் நூல் எதைப் பற்றியது என்பது தெரியாமற்போகும்.

இவ்விடத்தில் உரை திரையை விட்டு இவ்வவைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கவிதை நூல் வெளியிடுவோர் அணிந்துரை கேட்டு வருவதும், கேட்கப்பட்டவர் இரண்டு நாளில் எழுதித் தருவதும் இலக்கிய வட்டங்களின் வழக்கம். சொல்லழகு, சமூக அக்கறை, வளரும் கவிஞர், வாழ்க வளர்க என்னும் சொற்கள் நூலுக்கு நூல் நீந்தி வருகின்றன. பைண்டரின் நிழலுருவங்களுக்கும் இவற்றிற்கும் வேறுபாடு மிகுதியில்லை. ஓர் அணிந்துரையை எடுத்து அடுத்த கவிஞரின் நூலில் ஒட்டினால் ஒட்டிக்கொள்கிறது. அக்கவிஞர் மூன்றாண்டு உழைத்து எழுதிய நூல் என்ன சொல்கிறது என்பதை முதற்பக்கம் அறியாமலே இருந்துவிடுகிறது. பாராட்டு என்ற பெயரில் படிக்காமையை மறைப்பது அது. குமரகோட்டத்தில் எழுந்து நின்று வினவியவர் கச்சியப்பருக்குப் பகைவர் அல்லர். முதற்சொல்லை உண்மையாகவே கேட்டவர் அவர் ஒருவரே.

வட்டத்தின் பதினோராம் ஆண்டில் வெளிவரும் நூல்களுக்கு அணிந்துரை எழுதுவோர், இந்த ஒட்டிப்பார்க்கும் சோதனையைத் தம் எழுத்தின் மீது ஒருமுறை நடத்திப் பார்ப்பது நலம். பெயர்த்து ஒட்ட முடியாத ஒரே ஒரு வாக்கியம் அதில் இருந்தாலும் போதும். அவ்வாக்கியத்திலிருந்து எஞ்சியதைத் திரும்ப எழுதிவிடலாம். எழுத்துப் போடும் முன்பே வந்து அமர்பவர்க்குச் செய்யத்தக்க மரியாதை அதுவே.